ஒரே ஒரு நாவல், அப்புறம் 12 வருட டிவி: தத்தியானா டால்ஸ்டாயா வீணாய்ப் போனாரா?

கேள்வி இதுதான்: "ரஷ்ய இலக்கியம் என்றால் டால்ஸ்டாய், தஸ்தயேவ்ஸ்கி, செகாவ் என்று நின்றுவிடுகிறோம். இப்போது எழுதுகிறவர்களில் தத்தியானா டால்ஸ்டாயா பெயர் அடிபடுகிறது. ஆனால் அவர் ஒரே ஒரு நாவல் எழுதிவிட்டு டிவி தொகுப்பாளராகப் போய்விட்டாராமே? எழுத்தாளர் என்று எடுத்துக்கொள்வதா, டிவி பிரபலம் என்று விட்டுவிடுவதா?"

கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தக் கேள்வியை ரஷ்யாவிலேயே பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயும் முணுமுணுப்பு இதே மாதிரிதான்: இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவர், எதற்கு கேமரா முன்னால் உட்கார்ந்து அடுத்தவர்களை மடக்கிக்கொண்டிருக்கிறார்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிவி அவரிடமிருந்து இரண்டாவது நாவலைப் பறித்திருக்கலாம், அதை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் 60 வயதுக்கு மேல் அவர் எழுதிய நல்ல உரைநடை எல்லாம் அந்த டிவியிலும் வலைப்பதிவிலும் பேசிப் பழகிய குரலில் இருந்துதான் வந்தது. அதை விளக்க அவர் வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்தே பார்க்க வேண்டும்.

1951 மே 3, லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) பிறந்தவர். பெயரைப் பார்த்தவுடனே எல்லாரும் கேட்பது, 'போரும் அமைதியும்' எழுதிய லேவ் டால்ஸ்டாயின் பேத்தியா என்று. நேரடியாக இல்லை, அது தூரத்துச் சொந்தம். தத்தியானாவின் தாத்தா அலெக்ஸேய் டால்ஸ்டாய். புரட்சிக்குப் பிறகு வெளிநாடு போய், 1923-இல் சோவியத்துக்கே திரும்பி வந்து, ஸ்டாலின் பரிசுகள் வாங்கி, 'சிவப்புப் பிரபு' என்று பெயரெடுத்தவர். 'முதலாம் பீட்டர்' எழுதியவர், சோவியத் குழந்தைகளுக்கு மரப்பொம்மை புராத்தினோவைக் கொடுத்தவர். அப்பா வழிப் பாட்டி நத்தாலியா கிரந்தியேவ்ஸ்கயா ஒரு கவிஞர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் லெனின்கிராடை முற்றுகையிட்டபோது ஊரை விட்டுப் போகாமல் அங்கேயே இருந்து கவிதை எழுதினார். அம்மா வழித் தாத்தா மிகயீல் லொஸின்ஸ்கி, தாந்தேயின் 'தெய்வீக இன்பியல்' முழுவதையும் ரஷ்ய மொழிக்குக் கொண்டுவந்தவர். அப்பா இயற்பியலாளர், வீட்டில் 7 பிள்ளைகள். அக்கா நத்தாலியா ஸ்வீடிஷ் மொழி கற்பித்தார், கதைகளும் எழுதினார். தம்பி இவான் பிராகில் இருக்கும் ரேடியோ லிபர்ட்டியில் இலக்கிய நிகழ்ச்சி செய்கிறார்.

இப்படி ஒரு வீட்டில் பிறந்தால் எழுத்தாளர் ஆவது சுலபம் என்று தோன்றும். தத்தியானா விஷயத்தில் நடந்தது தலைகீழ். 30 வயது வரை அவர் ஒரு வரி புனைவு வெளியிடவில்லை. லெனின்கிராட் பல்கலைக்கழகத்தில் கிரேக்கம், லத்தீன் படித்து 1974-இல் வெளியே வந்தார், கல்யாணம் ஆகி மாஸ்கோ போனார், அறிவியல் அகாடமியின் 'நவூகா' பதிப்பகத்தில் கீழ்த்திசை இலக்கியப் பிரிவில் வேலை பார்த்தார். பிறகு 1980களின் தொடக்கத்தில் கண்ணில் அறுவை சிகிச்சை. கட்டுப்போட்ட கண்ணோடு நாள்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டியிருந்தது, படிக்கவே முடியாது. வாழ்நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருந்த ஒருத்திக்குப் படிப்பு நின்றதும், சின்ன வயது ஞாபகமெல்லாம் கதையாக வர ஆரம்பித்தது என்று அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

1983-இல் லெனின்கிராட் பத்திரிகை 'அவ்ரோரா'வில் முதல் கதை வந்தது, 'தங்கப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள்'. இதை எல்லா வாழ்க்கைக் குறிப்புகளும் சொல்லும். அதிகம் பேர் கவனிக்காத இன்னொன்று: அதே வருடம் ஓர் இலக்கிய ஆய்வு இதழில் அவர் எழுதிய கடுமையான விவாதக் கட்டுரை ஒன்றும் வந்தது. கதாசிரியரும் சண்டைக்காரியும் ஒரே வருடம் அச்சேறியவர்கள். டிவிக்குப் போன பிறகுதான் வாய் நீண்டது என்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த 80களின் கதைகள் எப்படிப்பட்டவை என்று சொல்ல இரண்டை மட்டும் எடுக்கிறேன்.

'சோன்யா'. போருக்கு முந்தைய லெனின்கிராட். சோன்யா அசடு, அழகில்லை, ஆனால் நன்றாகச் சமைப்பாள், தைப்பாள், அடுத்தவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். அவளைச் சுற்றியிருக்கும் கெட்டிக்காரக் கும்பல் ஒரு வேடிக்கை செய்கிறது. நிக்கலாய் என்று இல்லாத ஓர் ஆளை உண்டாக்கி, அவன் பெயரில் அவளுக்குக் காதல் கடிதம் எழுதுகிறார்கள். எழுதுகிறவள் ஆதா என்கிற பெண். கல்யாணமானவன், பிள்ளை குட்டிக்காரன், அதனால் நேரில் வர முடியாது என்று கதை கட்டுகிறார்கள். சோன்யா நம்பிவிடுகிறாள். தன் சட்டையில் எப்போதும் குத்தியிருக்கும் வெள்ளை எனாமல் புறாவைக் கழற்றி அவனுக்கு அனுப்பிவைக்கிறாள். வேடிக்கை வருடக்கணக்கில் இழுக்கிறது, ஆதாவுக்கே சலித்துப்போகிறது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. முற்றுகை வருகிறது, பட்டினி. சாகக் கிடக்கும் ஆதா, நிக்கலாய் பெயரில் கடைசியாக ஒரு கடிதம் எழுதுகிறாள். சோன்யா கடைசிச் சத்தையெல்லாம் திரட்டி நகரத்தைக் கடந்து அந்த விலாசத்துக்கு வருகிறாள், தான் குடிக்காமல் சேர்த்து வைத்திருந்த தக்காளிச் சாறை அங்கே கிடக்கும் உருவத்துக்கு ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டுகிறாள். அது தன் நிக்கலாய் என்றே நினைக்கிறாள். ஆதா பிழைத்துவிடுகிறாள், சோன்யா தண்ணீர் எடுக்க வாளியோடு போனவள் திரும்பவில்லை.

சில பக்கங்கள்தான். கதையைச் சொல்லும் குரலைக் கவனியுங்கள்: ஆரம்பத்தில் அதுவும் கும்பலோடு சேர்ந்து சோன்யாவைக் கிண்டல் செய்கிறது, நம்மையும் சிரிக்க வைக்கிறது, கடைசியில் அந்தச் சிரிப்புக்காக நம்மைக் கூச வைக்கிறது. வம்பு பேசுகிற குரல் என்ன செய்யும் என்பதை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தவர்தான் பின்னால் வம்பு பேசுவதையே தலைப்பாக வைத்து ஒரு டிவி நிகழ்ச்சி நடத்தினார்.

இன்னொன்று 'அக்கெர்வீல் ஆறு'. சிமியோனவ் என்று ஒரு தனிக்கட்டை, பழைய கிராமபோன் தட்டில் வேரா வசீலியெவ்னா என்கிற பாடகியின் குரலைக் கேட்டு உருகுகிறான். லெனின்கிராட் டிராம் போய் நிற்கும் கடைசி இடத்தில் அந்தப் பெயரில் ஓர் ஆறு, அவன் ஒருநாளும் அங்கே போனதில்லை. அந்தக் கரையில்தான் அவளைக் கற்பனையில் நடக்க விடுகிறான். தட்டு விற்கிறவன் ஒருநாள் சொல்கிறான், அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று. பூவும் கேக்கும் வாங்கிக்கொண்டு போகிறான். கேக்கின் மேல் ஜெல்லியில் யாரோ விரல் வைத்த தடம் இருக்கிறது. கதவைத் திறந்தால் பருத்த, சத்தமாகச் சிரிக்கிற, விருந்தும் கூட்டமுமாக இருக்கும் கிழவி. கடைசியில் அவள் இவன் வீட்டுக்குக் குளிக்க வருகிறாள், அவள் போன பிறகு இவன் தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிறான். தட்டிலிருந்து மட்டும் அந்தக் குரல் மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது. அந்த விரல் தடம் ஒன்றுக்காகவே இந்தக் கதையைப் படிக்கலாம்.

1987-இல் முதல் தொகுப்பு வந்தது. கார்பச்சோவ் காலம், எல்லாரும் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த உண்மைகளைக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். முகாம், சிறை, ஆஃப்கானிஸ்தான். அதன் நடுவில் இவர் உவமை மேல் உவமையாக, தோட்டமும் பொம்மையும் செத்துப்போன மாமாக்களுமாக எழுதினார். சிலருக்கு அது ஆடம்பரமாகப் பட்டது. அந்த அடர்த்தி எனக்கும் சில கதைகளில் திகட்டும், மறைக்கவில்லை. ஆனால் வெகு சீக்கிரம் ஆங்கிலத்திலும் மற்ற மொழிகளிலும் வந்தார், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டன.

1990களில் பெரும்பகுதி அமெரிக்காவில் போனது. வீடு பிரின்ஸ்டனில், பாடம் நடத்தியது நியூயார்க் மாநிலத்தின் வடக்கே ஸ்கிட்மோர் கல்லூரியில். அமெரிக்க மாணவர்களுக்குக் கதை எழுதக் கற்றுக்கொடுப்பது வேலை. அந்த வேலையைப் பற்றி அவருக்கு என்ன அபிப்பிராயம் என்பதைப் பிற்பாடு எழுதித் தீர்த்துக்கொண்டார், அதற்கு வருகிறேன்.

அந்தக் காலத்தில் ஆங்கில வாசகர்களுக்கு அவர் முக்கியமாகக் கட்டுரையாளர். 'நியூயார்க் ரெவ்யூ ஆஃப் புக்ஸ்' இதழில் புத்தக மதிப்புரை என்ற பெயரில் நீண்ட கட்டுரைகள் எழுதினார். சோவியத் பெண்களைப் பற்றி மேற்கத்தியப் பெண்ணியப் பார்வையில் வந்த ஒரு புத்தகத்தை எடுத்து, உங்கள் அளவுகோலை வைத்து எங்கள் வீட்டை அளக்காதீர்கள் என்று விளாசினார். வரலாற்றாசிரியர் ராபர்ட் கான்க்வெஸ்ட் ஸ்டாலின் காலப் பயங்கரத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு 1991-இல் எழுதிய மதிப்புரையில், இந்தக் கொடூரம் 1937-இன் களையெடுப்பிலோ 1917 புரட்சியிலோ திடீரென்று முளைத்தது கிடையாது, அதன் வேர் ரஷ்ய வரலாற்றில் இன்னும் பின்னால் போகிறது என்றார். ஒப்புக்கொள்கிறோமோ இல்லையோ, மழுப்புகிற எழுத்து கிடையாது. இவை 'புஷ்கினின் பிள்ளைகள்' என்ற தொகுப்பாக 2003-இல் ஆங்கிலத்தில் வந்தன. ரஷ்யச் செய்தித்தாள்களிலும் அதே 90களில் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். ஆக, டிவி வருவதற்கு முன்பே, அபிப்பிராயம் சொல்வதை ஒரு தொழிலாகவே அவர் பத்து வருடம் செய்திருந்தார்.

இப்போது அந்த ஒரே நாவல்.

'கீஸ்' 2000-ஆம் ஆண்டு வந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்ட இடங்களும் காலமும் போட்டிருக்கிறார்: மாஸ்கோ, பிரின்ஸ்டன், ஆக்ஸ்ஃபோர்ட், ஸ்காட்லாந்துத் தீவு ஒன்று, ஏதென்ஸ், இப்படிப் போகும் பட்டியலில் நடுவே கமுக்கமாக 'ஃபியோதர்-குஸ்மிச்ஸ்க்' என்று நாவலுக்குள் மட்டுமே இருக்கும் ஊரையும் சேர்த்துவிட்டு, மறுபடியும் மாஸ்கோவில் முடித்து, 1986-2000 என்று போடுகிறார். தொடங்கிய வருடம் செர்னோபில் அணு உலை வெடித்த வருடம்.

கதை நடப்பது ஏதோ ஒரு 'வெடிப்பு'க்கு 200 வருடம் கழித்து, ஒரு காலத்தில் மாஸ்கோவாக இருந்த ஊரில். மனிதர்கள் எலி தின்கிறார்கள், எலிதான் காசும். ஒவ்வொருவருக்கும் உடம்பில் ஒரு 'விளைவு' இருக்கிறது, ஒருவருக்குச் சேவல் கொண்டை, ஒருவருக்கு நகம். வெடிப்புக்கு முன்னால் பிறந்து இன்னும் சாகாமல் இருக்கிற சில பழைய ஆட்களும் உண்டு, அறிவாளிகள், உபயோகமில்லாதவர்கள். காட்டுக்குள் கீஸ் என்று ஒரு மிருகம், யாரும் பார்த்ததில்லை, பிடரியைக் கடித்து நரம்பை அறுத்தால் மனிதனுக்குப் புத்தி போய்விடும் என்று சொல்லிப் பயப்படுகிறார்கள். அத்தியாயத் தலைப்புகள் எல்லாம் பழைய ரஷ்ய அரிச்சுவடியின் எழுத்துகள்.

நாயகன் பெனெதிக்ட் ஒரு நகல் எழுத்தர். ஊரை ஆளும் 'முர்ஸா' (தலைவன்) ஃபியோதர் குஸ்மிச் எழுதிய கவிதை, கதை என்று வருவதையெல்லாம் மரப்பட்டையில் பிரதி எடுப்பது வேலை. அவையெல்லாம் பழைய புத்தகங்களிலிருந்து திருடியவை என்று நமக்குத் தெரியும், பெனெதிக்டுக்குத் தெரியாது. அச்சடித்த பழைய புத்தகம் வைத்திருந்தால் சிகப்பு அங்கி போட்ட 'சனித்தார்கள்' (மருத்துவமனை ஊழியர் என்று பொருள்) கொக்கியோடு வந்து ஆளைச் 'சிகிச்சைக்கு' இழுத்துப் போவார்கள். பெனெதிக்ட் தலைமைச் சனித்தாரின் மகளையே கட்டிக்கொள்கிறான். மாமனார் வீட்டில் அலமாரி அலமாரியாகப் புத்தகம்.

இங்கேதான் நாவல் தன் வேலையைக் காட்டுகிறது. நாம் எதிர்பார்ப்பது என்ன? படிப்பான், திருந்துவான், கண் திறக்கும். அவன் படிக்கிறான், ஒன்று விடாமல் படிக்கிறான், ஒன்றும் ஆகவில்லை. புத்தகங்களை அவன் அடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது, இந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த பக்கங்கள் அவை. தலைப்பில் நிறம் இருப்பவை எல்லாம் ஒரு வரிசை: 'சிவப்பும் கறுப்பும்' என்ற ஸ்டெந்தாலின் நாவல், பக்கத்தில் நீலமும் பச்சையும், அப்புறம் நீலக் கோப்பை, அப்புறம் குழந்தைகள் கதையான சிவப்புப் பூ. ஆசிரியர் பெயரில் ரொட்டி வாடை அடித்தால் அவர்கள் எல்லாரும் ஒரு வரிசை. உரக் கையேடும் காதல் கவிதையும் அவனுக்கு ஒன்றுதான். படிக்கப் புத்தகம் தீர்ந்ததும் வெறி பிடிக்கிறது, இன்னும் வேண்டும். அதற்காக அவனே அங்கி போட்டுக் கொக்கியைக் கையில் எடுக்கிறான், அதில் ஒருவன் சாகவும் சாகிறான். கடைசியில் மாமனாரோடு சேர்ந்து ஆட்சியையே கவிழ்க்கிறான்.

ரஷ்யாவைவிடவும் புத்தகத்தை நம்பிய நாடு குறைவு. எழுத்தாளன் நாட்டின் மனசாட்சி, இலக்கியம் மனிதனை உயர்த்தும் என்பது அங்கே கிட்டத்தட்ட மதம். அந்த மதத்தில், அதன் பூசாரிகள் வீட்டிலேயே பிறந்த ஒருத்தி எழுதிய நாவல் இது. ஊரில் ஒரு பழைய ஆள், நிகீத்தா இவானிச், மரத்தில் கவிஞர் புஷ்கின் சிலை செதுக்கச் சொல்கிறார். செதுக்குகிறவன் பெனெதிக்ட், கையில் 6 விரல் வைக்கிறான், அதிகமானதை அப்புறம் வெட்டிக்கொள்ளலாமே என்று. மக்கள் அந்தச் சிலையில் துணி காயப்போடக் கயிறு கட்டுகிறார்கள். சிரிப்பு வரும், ஆனால் யோசித்தால் அடி எங்கே விழுகிறது என்று தெரியும்.

2001-இல் 'த்ரியும்ஃப்' பரிசு கிடைத்தது, 2003-இல் ஜேமி காம்ப்ரெலின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். 14 வருடம் எழுதியது அங்கங்கே தெரிகிறது, 80களில் வந்திருந்தால் வெடிகுண்டாக இருந்திருக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 2000-இல் வந்ததுதான் சரி, ஏனென்றால் அதற்குள் எல்லாப் புத்தகமும் தடையில்லாமல் கிடைக்க ஆரம்பித்து, படித்ததால் யாரும் திருந்தவில்லை என்பதும் வெளிச்சமாகிவிட்டிருந்தது.

நாவல் வந்து இரண்டே வருடத்தில், 2002 அக்டோபரில், 'குல்தூரா' அரசு சேனலில் 'வம்புப் பள்ளி' தொடங்கியது. ஷெரிடன் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆங்கில நாடகத்தின் தலைப்புதான். கூட உட்கார்ந்தவர் அவ்தோத்யா ஸ்மிர்னவா, எல்லாரும் துன்யா என்பார்கள். திரைக்கதை எழுதுகிறவர், பின்னால் இயக்குநரும் ஆனார். இரண்டு பெண்கள், ஒரு விருந்தினர். நடிகர், அரசியல்வாதி, விஞ்ஞானி, கவிஞர் என்று யார் வேண்டுமானாலும். ஆரம்ப காலத்தில் இதில் ஒரு விஷமம் வைத்திருந்தார்கள்: விருந்தினர் வருமுன்னும் போன பின்னும் இவர்கள் இருவரும் சமையலறையில் பேசிக்கொள்கிற மாதிரி அவரைப் பற்றித் தங்களுக்குள் பேசுவார்கள், அதையும் ஒளிபரப்புவார்கள். வந்தவர் எங்கே நழுவினார், எதைச் சொல்லும்போது தன்னைத் தானே ரசித்தார், எல்லாம் அலசப்படும்.

டால்ஸ்டாயா திரையில் இருக்கும் விதமே தனி. சிரித்து ஊக்கப்படுத்தும் தொகுப்பாளர் வேலை அவருக்கு வராது. கனத்த உடம்பை நாற்காலியில் சாய்த்து, எதிராளி ஒரு தயார் வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை விட்டு, "அப்படியென்றால் என்ன?" என்கிற தினுசில் ஒன்று கேட்பார். பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லித் தேய்ந்துபோன வாக்கியம் அந்த இடத்தில் உடையும். சிலர் அதற்குப் பிறகுதான் உண்மையாகப் பேசினார்கள், சிலர் கோபப்பட்டார்கள். பிடிக்காதவர்களுக்கு அது திமிராகத் தெரிந்தது, சில நாள் திமிராகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த வருடமே, 2003-இல், சிறந்த டாக் ஷோவுக்கான 'தேஃபி' என்ற ரஷ்ய டிவி விருது கிடைத்தது.

2004-இல் நிகழ்ச்சி என்டிவிக்குப் போனது. இந்த மாற்றத்தை ரஷ்ய டிவியின் அன்றைய நிலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். என்டிவி 90களின் பெரிய தனியார் சேனல், 2001-இல் அரசுக் கட்டுப்பாட்டில் இருக்கும் எரிவாயு நிறுவனம் காஸ்ப்ரோம் கைக்குப் போய்விட்டது. 2004 கோடையில்தான் அங்கே லியனித் பர்ஃபியோனவின் செய்தி நிகழ்ச்சியும், சாவிக் ஷூஸ்டரின் அரசியல் விவாத நிகழ்ச்சியும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நேரடி அரசியல் பேச்சு போன அதே வருடம், அதே சேனலில், நடுராத்திரி ஒட்டிய நேரத்தில் பண்பாட்டு அரட்டை ஒன்று நுழைகிறது. அதை ஒரு சமரசம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்னொரு பக்கம், ஒரு மனிதரை உட்காரவைத்து 40-50 நிமிடம் வாக்கியம் வாக்கியமாகக் கேட்க அந்தச் சேனலில் வேறு இடமும் மிச்சம் இல்லை. 2014 வரை ஓடியது. ஒரு சனிக்கிழமை கொண்டாட்ட நிகழ்ச்சிக்கே ஆயுள் அவ்வளவு இருக்காது.

நடுவில் 'புகழின் நிமிடம்' என்று முதலாம் சேனலின் திறமைப் போட்டியில் நடுவராகவும் உட்கார்ந்தார். தீ விழுங்குகிறவர், கரணம் போடுகிறவர், இவர்களுக்கு மதிப்பெண். தாந்தே மொழிபெயர்ப்பாளரின் பேத்திக்கு இது தேவையா என்று கேட்டார்கள். தேவையில்லைதான். அதைக் காப்பாற்ற எனக்கு வாதம் எதுவும் இல்லை, பணம் கிடைத்திருக்கும்.

எழுத்தாளர் டிவிக்குப் போவது அங்கே இவர் ஒருவர் செய்த காரியமும் இல்லை. விக்தர் யெரஃபேயெவ் அதே குல்தூரா சேனலில் 'அபோக்ரிஃப்' நடத்தினார். திமித்ரி பீக்கவ் டிவி, வானொலி, மேடை என்று ஒன்றையும் விடவில்லை. 2011-இல் நடிகர் மிகயீல் யெஃப்ரேமவ் வாசிக்க, செவ்வியல் கவிஞர்களின் பாணியில் வாரா வாரம் அரசியல் பகடிக் கவிதை எழுதி 'குடிமகன் கவிஞன்' என்று நாடே பார்க்க வைத்தார். ஆனால் பீக்கவ் வருடத்துக்கு இரண்டு புத்தகம் வீதம் எழுதிக்கொண்டே இதைச் செய்கிற ஆள். டால்ஸ்டாயா எழுதாமல் இருந்துகொண்டு செய்தார், அதனால்தான் கேள்வி அவரை நோக்கி வந்தது.

எழுதாமல் இருந்தார் என்பதும் பாதி உண்மைதான். 2000களில் ரஷ்யாவின் பொதுப்பேச்சு முழுக்க லைவ்ஜர்னல் என்கிற வலைப்பதிவுத் தளத்தில் நடந்தது, அங்கே அவருக்கும் ஒரு பதிவு. மகன் அர்த்தேமி லெபெதெவ் நாடறிந்த வடிவமைப்பாளர், அதே தளத்தில் அம்மாவைவிடப் பெரிய வாய். டால்ஸ்டாயா அங்கே சமையல், சாப்பாடு, டாக்சி ஓட்டுநர், சொத்து வாங்கிய கதை, எரிச்சல் என்று எழுதினார். இலக்கியம் என்று எண்ணி எழுதியவை கிடையாது. வாசகர்கள் உடனுக்குடன் பதில் போட, இவர் திருப்பிக் கொடுக்க, உரைநடை மாறியது. 80களின் கதைகளில் ஒரு வாக்கியத்துக்குள் நாலு உவமை ஏறி உட்கார்ந்திருக்கும். இங்கே 'நான்' என்று ஒரு வயதான, கோபக்கார, சாப்பாட்டுப் பிரியை வந்துவிட்டாள், அவளுக்கு உவமைக்கு நேரமில்லை. அவள் பேசுகிறாள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குத்த வேண்டும் என்று தெரிந்து பேசுகிறாள். அது வருடக்கணக்கில் கேமரா முன்னால் ஆட்களைக் கேட்டு வந்த பழக்கம்.

2014-இல் 'லேசான உலகங்கள்' வந்தது. அதே பெயருள்ள குறுநாவலுக்கு பெல்கின் பரிசு. பிரின்ஸ்டனில் ஒரு வீடு வாங்கியது, அதைப் பழுது பார்த்தது, பனியில் மணிக்கணக்கில் கார் ஓட்டிப் போய் எழுத வராத பிள்ளைகளுக்கு எழுத்து கற்றுக்கொடுத்தது என்று சொந்தக் கதை மாதிரியே போகும், எந்த இடத்தில் கற்பனை புகுந்தது என்று பிடிக்க முடியாது. அதே புத்தகத்தின் ஆங்கில வடிவத்தில் 'உறைகறி' என்று சொல்லக்கூடிய ஒரு சின்னக் கதை இருக்கிறது. புத்தாண்டுக்கு ரஷ்ய வீடுகளில் செய்வது, நம் ஆட்டுக்கால் பாயாவைக் குளிரில் உறைய விட்டால் எப்படியோ அப்படி. அவள் சந்தைக்குப் போகிறாள், கறிக்கடையில் காலை வெட்டச் சொல்கிறாள், அந்தக் குளம்பைப் பார்க்க அவளுக்குப் பயம். முதல் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கொட்டிவிட வேண்டும், அழுக்கும் பயமும் சாவும் அதோடு போகும். பிறகு மணிக்கணக்கில் மெல்ல வேக வேண்டும், கடைசியில் பால்கனிக் குளிரில் வைக்க வேண்டும். ஒரு சமையல் குறிப்புதான். படித்து முடித்தால் ஒரு மரணச் சடங்கில் நின்றுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. 'சோன்யா' எழுதிய 30 வயதுக்காரியால் இதை எழுதியிருக்க முடியாது, அவள் இதில் பூவேலை செய்திருப்பாள்.

'சதுரம்' என்ற கட்டுரையும் அதே புத்தகத்தில் உண்டு. ஓவியர் மாலேவிச் 1915-இல் காட்சிக்கு வைத்த கறுப்புச் சதுர ஓவியத்தையும், 1869-இல் லேவ் டால்ஸ்டாய் அர்ஸமாஸ் என்ற ஊர் விடுதியில் ஒரு ராத்திரி அனுபவித்த காரணமில்லாத மரண பயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். நவீன ஓவியம் பிடித்தவர்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். எனக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை, மாலேவிச்சைச் சாத்தானிடம் கையெழுத்துப் போட்டவர் மாதிரி ஆக்குவது அநியாயம், ஆனால் கட்டுரையைக் கீழே வைக்க முடியாது.

பிற்பாடு யூடியூபில் எழுத்தாளர் க்ஸேனியா பூர்ஷ்ஸ்கயாவோடு 'வெள்ளை இரைச்சல்' என்று ஒரு பேச்சு நிகழ்ச்சி. தலைப்புகள்: சாப்பாடு, பயம், புத்தகம், கிழடாவது. வம்புப் பள்ளியில் விருந்தினரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுமோ அது.

ஆக உங்கள் கேள்விக்கு: எழுத்தாளர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் 'ஒரு நாவல் எழுதியவர்' என்ற கணக்கை விட்டுவிடுங்கள், அவர் அடிப்படையில் சிறுகதைக்காரர். அந்த நாவலே நீண்டு போன ஒரு வாய்க்கதை. ரஷ்ய மொழி தெரியாமல் டிவி நிகழ்ச்சியைப் பார்த்து ஒன்றும் பிடிபடாது, அது முழுக்கத் தொனியில் இருக்கிறது. ஆங்கிலத்தில் படிக்கப் போகிறீர்கள் என்றால் 'கீஸ்' நாவலில் ஆரம்பிக்காதீர்கள். அதில் கிண்டல் செய்யப்படும் கவிதை வரிகளில் பாதி, ரஷ்யப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் உடனே உறைக்கும். 'சோன்யா' படியுங்கள், அடுத்து நேராக 30 வருடம் தாண்டி அந்த உறைகறிக் கதைக்கு வாருங்கள். இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. இரண்டுக்கும் நடுவில் இவருக்கு என்ன நடந்தது என்ற ஆர்வம் வந்தால், அப்போது நாவலை எடுங்கள்.